ஈர் எடுத்த கல்

ரட்சிம்பா இரண்டு கையாலும் அந்தத் துணிப்பொட்டலத்தை நீட்டியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்குச் சீர் கொண்டுவந்த தகப்பன்கூட அவ்வளவு நிமிர்ந்து நின்றிருக்கமாட்டான். சஹூலி முழங்கால் வரை சேறு அப்பிய காலோடு அவன் வீட்டு வாசலிலேயே நின்று முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இளஞ்சிவப்பு டூர்மலின் கல். கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, பளபளவென்று கிடந்தது.

பார்த்ததும் சஹூலி நிமிர்ந்தாள்.

"எங்கே?"

"எது டீச்சரம்மா?"

"மேல ஒட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் எங்கே?"

"ஈரும் பேனுமா கேக்கறீங்க? எடுத்தாச்சு!" ரட்சிம்பா சிரித்தான். "ரெண்டு நாள் உக்காந்து என் சம்சாரம் ஒண்ணொண்ணா எடுத்தா. திருப்பிப் பாருங்க, ஒண்ணுகூட விடலே."

சஹூலி திருப்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக அவள் தூங்காமல் கிடந்தது அந்தப் பேனுக்காகத்தான். கல்லுக்காக அல்ல.

விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு கல்லைக் கழுவியதற்கா இத்தனை கூத்து என்று தோன்றும். சஹூலி தலைநகர் அந்தனானரிவு பல்கலைக்கழகத்தில் கனிமவியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஆறு வருஷத்துக்கு முன்னால், இந்த சஹதானி பள்ளத்தாக்கிலிருந்து போன ஒரு சாக்குக் கல் உடைசலில், பாதி எள் அளவுக்குத் தேன் நிறத்தில் ஒரு துணுக்கைக் கண்டாள். சோதித்துப் பார்த்தால் போரான் நிறைந்த கனிமம், உலகத்தில் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதது. அன்றைக்கு அவள் ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று கைதட்டினாள். அந்தக் கைதட்டலோடு சந்தோஷம் தீர்ந்தது. புதுக் கனிமம் என்று பதிவு செய்ய வேண்டுமென்றால் துணுக்கு மட்டும் போதாது. அது எதன் மேல் ஒட்டி வளர்ந்தது, எதற்குப் பின்னால் வந்தது என்று காட்ட வேண்டும். அவளுடைய துணுக்கோ அநாதை. சாக்கில் உதிர்ந்து கிடந்ததற்கு ஊரேது, பேரேது.

காட்டத்தான் முடியவில்லையே தவிர, அது எப்படிப் பிறந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் ஆறு வருஷமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூமிக்கடியில் கருங்கல் குழம்பாகக் கிடந்து ஆறுகிறபோது சாதாரணச் சரக்கெல்லாம் முதலில் இறுகிவிடும். போரான், லித்தியம், சீசியம் போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அவை மிச்சத் தண்ணீரோடு ஒதுங்கி ஒதுங்கிப் போய், கடைசியில் பாறைக்குள் ஒரு பொந்தில் சேரும். அங்கேதான் விரல் விரலாக டூர்மலின் வளரும். இருக்கிற போரானில் பெரும்பங்கை அது வாரிக்கொள்ளும். அதற்கும் பிறகு மிஞ்சிய கடைசிச் சொட்டில் பிறந்ததுதான் தன்னுடைய தேன் நிறக் கனிமம் என்பது சஹூலியின் கட்சி. வகுப்பில் இதற்கு ஓர் உவமை வைத்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் பானையடியில் ஒட்டிய தீய்ந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே, ரானுவூலா, அதுதான் என் கனிமம் என்பாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வார்கள்.

அவள் கட்டுரையைச் சரிபார்த்த வெளிநாட்டு ஆசாமிக்கு மட்டும் அந்தச் சிரிப்பு வரவில்லை. பெயர் தெரியாத மனிதர். மூன்று தடவை திருப்பி அனுப்பினார், மூன்று தடவையும் ஒரே பல்லவி. இது மிச்சத்தில் பிறந்ததாகத் தெரியவில்லை. பின்னால் வந்த வெந்நீர் டூர்மலினையே அரித்து, அதிலிருந்து போரானை எடுத்துக்கொண்டு இதைப் பெற்றிருக்கலாம். ஒட்டியிருக்கும் கல்லைக் காட்டுங்கள். சஹூலி அவருக்கு 'அரிப்புக் கிழவர்' என்று பெயர் வைத்திருந்தாள். அவர் கிழவரா குமரரா என்று யார் கண்டது? கடைசிக் கடிதத்தில் கெடு வைத்துவிட்டார்கள்: இந்த நவம்பர் முடிவதற்குள் கல், இல்லாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். இதே மாதிரித் துணுக்கு வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்தின் கையிலும் இருக்கிறது என்று செய்தி வேறு காதுக்கு வந்தது. அவர்கள் முந்திக்கொண்டால் பெயர் வைப்பதும் அவர்கள்தான். ஆறு வருஷ உழைப்பு ஓர் அடிக்குறிப்பாகிவிடும்.

அப்படித் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மூன்று வாரத்துக்கு முன்னால், இங்கே குழி வெட்டிக் கல் எடுக்கிற ரட்சிம்பா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். இளஞ்சிவப்புக் கல், அதன் மேல் அங்கங்கே வெள்ளை மணிகள், நடுநடுவே தேன் நிறத்தில் ஏழு புள்ளிகள். 'டீச்சரம்மா, இதுவா பாருங்க. பேன்' என்று கீழே எழுதியிருந்தான். இவர்கள் குழியில் வெள்ளை மணிக்கு ஈர் என்று பெயர், தேன் நிறத்துக்குப் பேன். கல்லின் தலையில் பிடித்த பீடை என்று கணக்கு. வியாபாரி மூஞ்சியைச் சுளிப்பான் என்று பெண்கள் ஊசியை வைத்துக்கொண்டு பொறுமையாக எடுப்பார்கள். சஹூலி ஆறு வருஷமாகப் பள்ளத்தாக்கு முழுக்க அலைந்து, தேன் நிறத்தில் தட்டையான படிகம் பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாள். ஒருவரும் பார்த்ததில்லை. பேன் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தால் முதல் நாளே அவளை உட்காரவைத்துக் காட்டியிருப்பார்கள்!

"நான் என்ன சொன்னேன் ரட்சிம்பா?" என்றாள் சஹூலி. "போன்ல என்ன சொன்னேன்?"

"யாருக்கும் குடுக்காதேன்னீங்க. குடுக்கலே. அன்சிராபே டவுன் வியாபாரி ரெண்டு தடவை வந்து கேட்டான், கண்ணுலகூடக் காட்டலே."

"அப்புறம்?"

"சுத்தமா வச்சிருன்னீங்க."

சஹூலி சொன்னது உண்மைதான். லைன் விட்டு விட்டுக் கேட்டதால் தொண்டை கிழியக் கத்தினாள். அப்படியே சுத்தமா வச்சிரு, நான் வர்றேன் என்று. வேறு கல்லோடு கலக்காதே, கை வைக்காதே என்பதை ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். 'அப்படியே' என்பதை மலைக்காற்று தின்றுவிட்டது போலிருக்கிறது.

"சுத்தமான்னா கழுவறதா? அதைத் தொடாதேன்னு அர்த்தம்யா! இது ஒரு பச்சைக் குழந்தைக்குத் தெரியாதா?"

"சுத்தம்னா தொடாம எப்படி டீச்சரம்மா சுத்தமாகும்?" ரட்சிம்பா நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"என் உயிரை வாங்கறதுக்குன்னே பிறந்திருக்கீங்களா எல்லாரும்? ஆறு வருஷம்! ஆறு வருஷம் நாயா அலைஞ்சேன். கையில கிடைச்ச ஒரே ஒரு கல்லை மண்ணாக்கிட்டீங்களே!"

அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று குரலை உயர்த்துவது என்பது சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பதற்குச் சமம். சஹூலிக்கு அது தெரியாதா என்ன, அவளும் இந்த மேட்டுநிலத்தில் பிறந்தவள்தானே. தெரிந்தும் குரல் இறங்க மறுத்தது.

உள்ளேயிருந்து பெர்லீன் வந்தாள். ரட்சிம்பாவின் மனைவி, சஹூலியைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கணவன் பக்கத்தில் நின்றாள்.

"என்னக்கா, கல்லு பிடிக்கலியா?"

"நீதானே இதைச் சுரண்டினது?"

"நான்தான். மூணு ஊசி முறிஞ்சுது. படிச்சவங்களுக்குப் பேன் பிடிச்ச கல்லைக் குடுக்கறதான்னு கண்ணு நோக உக்காந்தேன்." அவள் முகம் சுருங்கியது. "நல்லதுக்குக் காலமில்லே."

சஹூலி ரட்சிம்பா பக்கம் திரும்பினாள். "சரி, போனது போகட்டும். குழியில இறங்கி வேற எடு. அதே பொந்துல இன்னும் இருக்கும்."

"இன்னிக்கு வியாழக்கிழமை டீச்சரம்மா."

"தெரியும்."

"வியாழக்கிழமை மண்ணைத் தொடறது எங்க குழிக்கு விலக்கு."

"ஐயோ சாமி, நாளைக்கு எடு. நான் ராத்திரி இங்கேயே படுத்துக்கறேன்."

"நாளைக்கும் ஆகாது."

"நாளைக்கு என்ன விலக்கு?"

"விலக்கு இல்லே, தண்ணி. போன வாரமே மழை பிடிச்சுடுச்சு. குழிக்குள்ள ரெண்டாள் ஆழத்துக்கு நிக்குது. பக்கச்சுவர் ஒண்ணு சரிஞ்சும் போச்சு."

"எப்போ வத்தும்?"

ரட்சிம்பா வானத்தைப் பார்த்தான், விரலை மடக்கினான். "ஏப்ரல்ல பாக்கலாம்."

ஏப்ரல்! இந்த மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. சஹூலிக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. கல்லை ஒரு கையால், அதுவும் இடது கையால், அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். "இந்தா, நீயே வச்சுக்கோ. எனக்கு இது வேண்டாம். இப்போ இது வெறும் நகைக்கல்லு. எந்தக் கழுத்துலயாவது தொங்கட்டும்."

ரட்சிம்பா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். உள்ளே போய் வடகிழக்கு மூலையில், முன்னோருக்கென்று விட்டிருக்கும் பலகை மேல் வைத்தான். பிறகு மண்வெட்டியைக்கூட எடுக்காமல் வெறுங்கையோடு மழைத்தூறலில் இறங்கித் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்தபோது சஹூலிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதே தவிர, கூப்பிட வாய் வரவில்லை.

"வேகாத வெயில்ல வந்தவங்ககூட இப்படிப் பேசினதில்லே. நீங்க மழையில வந்திருக்கீங்க," என்றாள் பெர்லீன்.

"சுரண்டினதையெல்லாம் என்ன பண்ணினே?"

"டப்பாவுல இருக்கு."

சஹூலிக்குப் போன உயிர் பாதி திரும்பியது. "வச்சிருக்கியா? நெஜமாவா? எதுக்கு வச்சிருக்கே?"

"பானை தேய்க்க."

பால் டப்பா ஒன்றை எடுத்து வந்து வைத்தாள். பாதிக்கு மேல் வெள்ளைப் பொடி. ஈர் என்பது சாதாரணக் கடினம் இல்லை, எஃகையே கீறக்கூடிய சாதி. தீய்ந்த பானைக்கு அதைவிட உசத்தியான பொடி கிடையாது என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். எத்தனை வருஷத்துச் சுரண்டலோ, எந்தெந்தக் கல்லின் பேனோ, எல்லாம் கலந்து கிடந்தது.

சஹூலி மேற்கு வாசலில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பாய் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சிட்டிகை கொட்டுவாள், பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொள்வாள், இடுக்கியால் ஒதுக்குவாள். வெள்ளை, வெள்ளை, குவார்ட்ஸ் தூள், வெள்ளை, கோழி இறகு ஒன்று, வெள்ளை. முதுகு வலித்தது. மழை வலுத்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு காகிதத்தின் ஓரத்தில் தேன் நிறத் துணுக்குகள் பதினொன்று சேர்ந்தன. உலகத்தில் வேறு யாரிடமும் இத்தனை இருக்காது. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அடிப்பாகம் முறிந்திருந்தது. எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஓர் அநாதை இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு அநாதைகள், அவ்வளவுதான் லாபம்.

"அந்தக் கல்லை ஒரு தடவை பாருங்களேன்," என்றாள் பெர்லீன் அடுப்படியிலிருந்து.

"பாத்தாச்சு."

"எங்கே பாத்தீங்க? பொட்டலத்தைப் பிரிச்சீங்க, கத்தினீங்க."

"பெர்லீன், என் வாயைப் பிடுங்காதே. கல்லுல ஒண்ணுமில்லே. நான் தேடறது நீ எடுத்துட்டது."

"எடுத்தவ நான். என்னை ஒரு வார்த்தை கேக்கலே. டப்பாவைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அது வாய் திறந்து சொல்லிடப்போகுது, பாருங்க."

சஹூலி பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சிட்டிகையைக் கொட்டினாள். கொட்டிய வேகத்தில் காற்று வந்து காகிதத்தைத் தூக்கியது. பதினொன்றில் நான்கு வாசல் சேற்றில் போய் விழுந்தன. அவள் சேற்றைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கோபம் தாங்காமல் வருகிற அழுகை அது, துக்கத்தில் சேர்த்தியில்லை.

பெர்லீன் பார்த்தும் பார்க்காதது போல் தட்டை நீட்டினாள். சோறும் மரவள்ளிக்கீரையும். சாப்பிட்டு முடித்ததும் பெர்லீன் பானையடியில் ஒட்டியிருந்த தீய்ந்த சோற்றின் மேல் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தாள். கொதித்து வாசனை வந்தபின் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தாள்.

காலையில் பேசிய பேச்சு சஹூலிக்கு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்க நாக்கு வளையாததால் பாடம் நடத்த ஆரம்பித்தாள். வாத்தியார் சாதிக்கு அதுதான் வரும். "நான் ஏன் இப்படிக் குதிக்கறேன்னு நினைச்சிருப்பே, சொல்றேன். நீ சொல்ற பேன் இருக்கே, அது இந்த ரானுவூலா மாதிரி. சோறெல்லாம் தீந்தப்புறம் கடைசியா மிஞ்சறது. பாறைக்குள்ள எல்லாக் கல்லும் வளந்து முடிஞ்சு, கடைசிச் சொட்டுத் தண்ணி மிஞ்சுது பாரு, அதுல பிறந்தது. இதை நிரூபிக்கத்தான் ஒட்டின கல்லு வேணும்."

பெர்லீன் கோப்பையை ஊதிக் குடித்தாள். பிறகு சிரித்தாள். "இது மிஞ்சின தண்ணியா? இப்போ உங்க கண்ணு முன்னாலதானே குடத்துலேருந்து ஊத்தினேன்."

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"சும்மா தண்ணிக்கு ஏதுக்கா இந்த நிறம்? ஏது இந்த வாசம்? அடியில ஒட்டினதைக் கரைச்சு எடுத்துக்கிட்டதாலதானே? பானையைத் தேச்சுட்டு ஊத்திக் கொதிக்கவைங்க, வெந்நீர்தான் வரும்."

"உவமையை ரொம்ப நோண்டக்கூடாது பெர்லீன்," என்று சஹூலி எரிந்து விழுந்தாள். அரிப்புக் கிழவர் மூன்று கடிதத்தில் எழுதியதை இவள் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு சொல்வதா?

"உவமையோ கிவமையோ. உங்க பேனும் அப்படித்தான். ஈரு சும்மா மேலோட்டமா குந்தியிருக்கும். ஊசி முனையால தட்டினா தெறிச்சுடும், அடியில கல்லு வழவழன்னு இருக்கும். பேனு அந்த ரகமில்லே. கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். முறிச்சு எடுத்தா கீழே பள்ளம். வேரு உள்ளேயே நின்னுடும், எத்தனை நோண்டினாலும் வராது. ஊசி எதுல முறிஞ்சுதுன்னு நினைச்சீங்க?"

சஹூலி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எல்லாத்துலயுமா?"

"பத்து வருஷமா எடுக்கறேன். பள்ளம் இல்லாத பேனை நான் பாத்ததில்லே."

சஹூலி எழுந்து வடகிழக்கு மூலைக்குப் போனாள். பலகை மேல் கல் இருந்தது. கையை நீட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். முன்னோர் பலகையில் வீட்டுக்காரன் வைத்ததை அவன் எடுத்துத் தராமல் தொட முடியாது. அதுவும், வேண்டாம் என்று இடது கையால் தள்ளிய பொருளை!

மழையில் நனைந்துகொண்டே ரட்சிம்பாவின் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கூரையடியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கயிற்றை அதிக அக்கறையாகத் திரித்தான்.

"ரட்சிம்பா, அந்தக் கல்லு வேணும்."

"எந்தக் கல்லு டீச்சரம்மா?"

"காலையில குடுத்தது."

"ஓ, அந்த நகைக்கல்லா?" கயிற்றை இழுத்து முறுக்குப் பார்த்தான். "கழுத்து ஏதாவது கிடைச்சுதா?"

அவளுக்கு மூக்கு நுனி வரை சிவந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றாள். "தப்பாப் பேசிட்டேன் தம்பி. உன் வாசல்ல நின்னு கத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

ரட்சிம்பா இன்னும் இரண்டு முழம் திரித்துவிட்டுத்தான் எழுந்தான். வீட்டுக்கு வந்து, பலகைக்கு முன்னால் ஒரு நொடி தலைகுனிந்து நின்று, கல்லை எடுத்து நீட்டினான். இந்தத் தடவை சஹூலி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வாசல் வெளிச்சத்தில் கல்லைத் திருப்பிப் பூதக்கண்ணாடியை வைத்தாள். வெள்ளை மணிகள் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்ன மங்கல் தடம், அடியில் கல் கண்ணாடி போல் சமமாக இருந்தது. தேன் நிறம் இருந்த ஏழு இடத்திலும் ஏழு பள்ளம். ஓரம் கடித்துத் தின்ற மாதிரி பிசிறு பிசிறாக, உள்ளே போகப் போகக் குறுகி. ஒவ்வொரு பள்ளத்தின் ஆழத்திலும் பெர்லீனின் ஊசிக்கு மசியாத தேன் நிற வேர் மின்னியது. கனிமம் இருக்கிறது, ஒட்டிய கல் இருக்கிறது, எப்படி ஒட்டியது என்பதும் இருக்கிறது. கேட்டதெல்லாம் கையில் இருந்தது.

இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பின்னால் வந்த வெந்நீர் டூர்மலினை அரித்திருக்கிறது, அரித்ததிலிருந்து போரானை எடுத்துக்கொண்டு, அரித்த குழியிலேயே உட்கார்ந்து இது வளர்ந்திருக்கிறது. கடைசிச் சொட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெர்லீன் சுரண்டாமல் வைத்திருந்தால்? பள்ளங்களை மூடிக்கொண்டு பேன்கள் மேலே அழகாக உட்கார்ந்திருக்கும். சஹூலி படம் எடுத்து, பாருங்கள் அரிப்பே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதி அனுப்பியிருப்பாள். அவர்கள் நம்பியும் இருப்பார்கள்.

அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆறு வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று! எத்தனை மேடையில் அந்தக் கிழவரைக் கிண்டல் செய்தாயிற்று! கனிமம் பதிவாகிவிடும், பெயரும் அவளே வைக்கலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டுரையின் முதுகெலும்பை உருவிப் போட்டுவிட்டு, நீங்கள் சொன்னதுதான் சரி என்று அந்த மனிதருக்குத் தன் கையால் எழுத வேண்டும். அந்த ஒரு வரியை எழுதுவதைவிட இன்னும் ஆறு வருஷம் அலைந்துவிடலாம் என்று அவளுக்குப் பட்டது.

பெர்லீன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் இருக்கிற குழியைப் பார்த்துப் பார்த்து இந்த அம்மாள் வாடுகிறாள் என்று அவளுக்குப் பட்டது. நியாயம்தானே, பரிசுப் பொருளில் ஏழு ஓட்டை!

"இந்தப் பள்ளம்தான் உங்களுக்கு உறுத்துதாக்கா? காலையிலேயே சொல்லக் கூடாதா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டப்பாவுல பொடி இருக்கு. தோலுல வச்சு அழுத்தித் தேச்சா மழை விடறதுக்குள்ள வழவழன்னு ஆயிடும். வேரும் போயிடும், பள்ளமும் போயிடும். இருந்ததே ஒருத்தருக்கும் தெரியாது."

கையை நீட்டினாள்.

சஹூலி அந்தக் கையைப் பார்த்தாள். பொடி படிந்து தேய்ந்த விரல்கள். இருந்ததே ஒருத்தருக்கும் தெரியாது. குழியில் இரண்டாள் ஆழத்துக்குத் தண்ணீர். சேற்றில் விழுந்தது போக டப்பாவிலிருந்து பொறுக்கிய ஏழு அநாதைத் துணுக்குகள் அவளிடம் இருந்தன, அவை வாயைத் திறக்கப்போவதில்லை. கல் கிடைக்கவில்லை, மழை முந்திக்கொண்டது என்று எழுதினால் பொய்கூட இல்லை, பாதி உண்மை. கட்டுரை போனால் போகட்டும், கட்சி தோற்றதாக ஆகாது. வகுப்பில் ரானுவூலா ரானுவூலாவாகவே இருக்கும். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பெர்லீன் பொறுமையாகக் காத்திருந்தாள். சஹூலியின் கை, அவள் சொல்லித்தான் போனதா, சொல்லாமலே போனதா தெரியாது, மெல்ல முன்னால் நகர்ந்து கல்லை அந்த உள்ளங்கையில் வைத்தது.

பெர்லீன் டப்பாவை இழுத்தாள். தோல் துண்டில் ஒரு சிட்டிகை பொடியைத் தூவி, கல்லைத் திருப்பி, முதல் பள்ளத்தின் மேல் வைத்தாள்.

"தொடாதே!"

அந்தச் சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் அன்றைக்கு இரண்டாவது தடவையாக வாசலுக்கு ஓடி வந்தார்கள். பெர்லீன் பயந்துபோய்க் கல்லைப் பாயில் போட்டுவிட்டாள். சஹூலி அதைப் பாய்ந்து எடுத்துத் தன் கழுத்துத் துணியை உருவி நாலு சுற்றுச் சுற்றி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்தம்மாவுக்கு என்னதான் வேணும்?" என்றான் ரட்சிம்பா வாசலிலிருந்து. "சுத்தம் பண்ணினாலும் கத்தறாங்க, பண்ணறதுக்குன்னு கையில குடுத்துட்டும் கத்தறாங்க. அடுத்த தடவை போன்ல சொல்லாதீங்க டீச்சரம்மா, எழுதி அனுப்புங்க."

சஹூலி மடியில் இருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பெர்லீனைப் பார்த்து, பரீட்சைக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நீங்க சொன்னதுதான் சரி."

பெர்லீன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா, எனக்குப் போய் 'நீங்க' போடறீங்க?"

"இதையே இன்னொருத்தருக்கு எழுதணும், பழகிக்கறேன்," என்றாள் சஹூலி.